இங்க் பேனா வாங்க வருகிறவர்களுக்கு நம்ம நாகர்கோவில் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

முதலில் மன்னிப்பு. போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் 90 ரூபாய்க்கு ஒரு பளபளப்பான மெட்டல் பேனா விற்றோமே, ஓர்மை இருக்கும். கையில் எடுத்தால் கனம், தொட்டால் சில்லென்று இருக்கும், விலையைச் சொன்னால் 'நிசமாகவா' என்று கேட்டார்கள். 4 டஜன் எடுத்தோம், பத்தே நாளில் தீர்ந்தது. ஜூலை பாதிக்குள் அதில் பாதிக்கு மேல் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: ராத்திரி மூடி வைத்தால் காலையில் எழுத மாட்டேன் என்கிறது, உதறினால்தான் மை வருகிறது, உதறினால் சட்டையிலும் வருகிறது. சரக்கு தந்தவரைக் கேட்டால் மையைக் குறை சொன்னார்.

மையின் மேல் தப்பில்லை. ஒரு பேனாவின் மூடியை அறுத்தே பார்த்தோம். நல்ல பேனாவில் மூடிக்கு உள்ளே இன்னொரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். பேனாவை மூடியதும் நிப்பைச் சுற்றிக் காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்வது அதுதான். இந்தப் பேனாவில் சிலவற்றுக்கு அது மயிரிழைக் கீறலோடு இருந்தது, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. கிளிப்பைச் செருகிய ஓட்டை வழியாகக் காற்றுப் போய் வந்து, நிப்பின் நுனியில் மையிலுள்ள தண்ணீர் காய்ந்து, சாயம் மட்டும் கெட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. விற்பதற்கு முன் நாங்கள் பார்த்திருக்க வேண்டியது, பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கடையில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புதுச் சரக்கு வந்தால் மூடியை மட்டும் கழற்றி வாய்ப்பக்கத்தை உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கிறோம் (துடைத்துவிட்டுத்தான் விற்கிறோம், பயப்பட வேண்டாம்). சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் மூச்சு அடைக்கக்கூடாது என்று மூடியின் வெளி ஓட்டில் துளை வைப்பது உண்டு, அதில் குறையில்லை. ஆனால் உள்மூடி இருக்கிற பேனாவில் ஊதின காற்று எங்கும் போகாமல் திரும்பி வரும். பொசுக்கென்று மறுபக்கம் போனால் அந்தப் பேனா எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நீங்களும் எந்தக் கடையிலும் இப்படிச் செய்யலாம், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இப்போது தினசரி எழுதுவதற்கென்று நாலே வகைதான் வைத்திருக்கிறோம். பில்லரால் மை ஊற்றுகிற கேம்லின் பள்ளிக்கூடப் பேனா. நிப்பு மூக்குக்குள் ஒளிந்திருக்கிற ஹீரோ 616. ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி. பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்கு மாமா சித்தப்பா வாங்கித் தருகிற பார்க்கர் வெக்டர். இதில் எது நல்லது என்று கேட்டால் எங்கள் பதில் பிரெப்பி, ஆனால் எல்லோருக்கும் இல்லை. அதன் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் உள்மூடியை நிப்பின் மேல் அழுத்திப் பிடிக்கிறது, ஒரு வருஷம் மூடிக் கிடந்தாலும் மை காயாது என்று கம்பெனி சொல்கிறது. ஒரு வருஷம் நாங்கள் சோதிக்கவில்லை, கோடை விடுமுறை 2 மாதம் மேசை டிராயரில் கிடந்த ஒன்று எடுத்ததும் எழுதியது. குறை என்னவென்றால் மூடியின் விளிம்பில் நாளாவட்டத்தில் வெடிப்பு விழுகிறது, பேனாவைப் பல்லால் கடிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கித் தர வேண்டாம். ஹீரோவில் நிப்பு வெளியே தெரிவதில்லை, அதனால் எழுதும்போது நடுவில் யோசித்துக்கொண்டு நின்றாலும் சட்டென்று காயாது. கணக்கு எழுதுகிறவர்கள் அதையே கேட்டு வாங்குவது அதனால்தான். ஆனால் அதே பெயரில் போலிகள் ஏராளம், கையில் எழுதிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

எழுதிப் பார்ப்பது என்றால் கையெழுத்துப் போடுவதோ சுழித்துக் காட்டுவதோ இல்லை. கையெழுத்து எந்தப் பேனாவிலும் அழகாகத்தான் இருக்கும்! 'கண்', 'கன்னம்', 'இஞ்சி' என்று நீங்கள் வழக்கமாக எழுதுகிற அளவிலேயே எழுதிப் பாருங்கள். மூன்று சுழி ண-வின் சுழிகள் மையில் அடைபட்டு இரண்டு சுழி மாதிரித் தெரிந்தால் அந்த நிப்பு உங்கள் கைக்குத் தடிமன். ஆங்கிலம் எழுதினால் இது தெரியாது, நம்ம எழுத்தில்தான் சின்னச் சின்ன வளையம் அதிகம். நிப்பில் ஃபைன், அதாவது மெல்லியது, என்று போட்டிருந்தாலும் ஜப்பான்காரர்களின் ஃபைன் பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்களுடையதைவிட மெல்லியது. பிரெப்பியில் 03 என்று போட்டதைப் பொடி எழுத்துக்காரர்களுக்குக் கொடுக்கிறோம், 05 பெரிய எழுத்துக்காரர்களுக்கு. தக்கலையிலிருந்து வரும் ஒரு வாத்தியார் 05 வாங்கிப்போய் இரண்டே நாளில் 03-க்கு மாற்றினார், பிள்ளைகளின் நோட்டில் விளிம்பில் எழுத இடம் போதவில்லையாம்.

அப்புறம் இந்தக் கசிவு விஷயம். பில்லரால் மை ஊற்றுகிற பேனா 'லீக்' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேனாவில் ஒரு கோளாறும் கிடையாது. மை கால்வாசிக்குக் கீழே இறங்கினதும் மீதி இடம் முழுக்கக் காற்று. உங்கள் கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, ஒரு பொட்டு சொட்டுகிறது. பாதி காலியாகும்போதே நிரப்பிவிட்டால் தீர்ந்தது. மரை சுற்றுகிற இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு கடுகளவு தடவித் தருகிறோம், அதற்குப் பைசா வாங்குவதில்லை. பஸ்ஸில் போகும்போது நிப்பு மேலே பார்க்கச் சட்டைப்பையில் குத்துங்கள், பைக்குள் படுக்கப் போட்டால் மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் மூடிக்குள் மை குளமாகிவிடும்.

கார்ட்ரிட்ஜ் பேனா, அதாவது மை அடைத்த சின்னக் குழாயைச் செருகி எழுதுகிற பேனா, வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பார்க்கருக்கு ஒரு வாய், பிளாட்டினத்துக்கு ஒரு வாய், பைலட்டுக்கு வேறு, லாமிக்கு வேறு. பேனா மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு அப்புறம் அதன் கார்ட்ரிட்ஜுக்காக குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் வந்தால் பஸ் காசிலேயே மலிவு போய்விடும். தீர்ந்த கார்ட்ரிட்ஜை எறியாதீர்கள். மெடிக்கலில் சிரிஞ்சு வாங்கி, மொட்டை ஊசி போட்டு, பாட்டில் மையையே நிரப்பலாம். சின்ன கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கும் குறைவாகத்தான் மை பிடிக்கும், 60 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினால் 70 தடவைக்கு மேல் நிரப்பலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேனாவைவிட மையும் நோட்டும்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ராயல் ப்ளூ துணியில் பட்டால் துவைத்தால் போகும், ஆனால் ஆனி ஆடிச் சாரலில் நோட்டு நனைந்தாலும் அதே மாதிரி போகும். இரண்டு மழையும் வாங்குகிற ஊர் நம்முடையது, வைத்துக் காக்க வேண்டிய எழுத்துக்கு 'பெர்மனன்ட்' என்று போட்ட மையே வாங்குங்கள். படம் வரைகிற இண்டியன் இங்க்கை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அதில் அரக்கு சேர்த்திருப்பார்கள், காய்ந்தால் பேனா அத்தோடு சரி. ஐப்பசி கார்த்திகையில் தாளே ஈரம் குடித்து நமுத்துப்போயிருக்கும், அப்போது எந்தப் பேனாவும் கொஞ்சம் படரத்தான் செய்யும். நோட்டு வாங்கும் முன் கடைசிப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், வேர் விட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

சிலர் எபோனைட் பேனா கேட்கிறார்கள். எபோனைட் வேறொன்றும் இல்லை, நம்ம குலசேகரம், அருமனை பக்கம் வெட்டி எடுக்கிறார்களே, அதே ரப்பர். கந்தகம் நிறையச் சேர்த்து வேகவைத்தால் மரம் மாதிரி இறுகிவிடுகிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையை அதில் செய்தால் பிளாஸ்டிக்கைவிட மை நன்றாக ஒட்டி இறங்கும், அது உண்மைதான். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடைந்து செய்கிறார்கள். அருமையான பேனாக்கள், ஆனால் தினசரி பஸ்ஸில் கொண்டுபோகிற பேனாவுக்கு அந்த விலை வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். பிடிவாதமாகக் கேட்டால் வரவழைத்துத் தருகிறோம்.

புதுப் பேனாவை முதல் தடவை மை ஊற்றும் முன் பச்சைத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசுங்கள், நிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சுடுதண்ணீர் கூடாது. பால் பாயிண்ட் பழகின பிள்ளைகள் அழுத்தி எழுதுவார்கள், நிப்பு விரிந்துவிடும், ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும். டிஎன்பிஎஸ்சி மாதிரி வட்டம் நிரப்புகிற தேர்வுக்குக் கறுப்பு பால் பாயிண்ட்தான், அங்கே இங்க் பேனா கொண்டுபோய் நிற்க வேண்டாம்.

அந்த 90 ரூபாய் மெட்டல் பேனா இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், பில் தேவையில்லை. அதற்குப் பதிலாகக் கேம்லின் தருகிறோம், மீதியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பிரெப்பி வேண்டுமென்றால் 90 ரூபாய் கழித்துக்கொள்வோம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குக் கடை மூடியிருக்கும், ஞாயிறு முழு விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் பேனாக் கடைக்காரர்