ஓரை எங்கிருந்து வந்தது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். கண்புரை அறுவை சிகிச்சை குறுக்கே வந்திராவிட்டால் நானும் அங்கே இருந்திருப்பேன். இப்போது பஞ்சாங்கத்தின் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது.

"வெள்ளிக்கிழமை சுக்கிர ஓரையில் வைத்தோம். அது என்னடா ஓரை?" என்று கேட்டிருந்தாய். கிரேக்கச் சொல்லடா அது! 'ஹோரா' என்றால் அவர்களுக்குப் பருவம், பொழுது. ஆங்கிலத்தில் ஹவர், ஹாரஸ்கோப் எல்லாம் அதன் வாரிசுகள்தான். 6ஆம் நூற்றாண்டுச் சோதிட அறிஞர் வராகமிகிரர் வேறு கதை சொல்கிறார்: பகலும் இரவும் சேர்ந்த நாளைக் குறிக்கும் 'அஹோராத்ர' என்பதன் தலையையும் வாலையும் வெட்டினால் 'ஹோரா' என்று சிலர் கருதுகிறார்களாம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. யவனர்களின், அதாவது கிரேக்கர்களின், சோதிடப் புலமையை மெச்சியவரும் அவரேதான்.

சோதிடத்தில் இந்தச் சொல்லுக்குப் பல வேலை. ராசியில் பாதி, அதாவது 15 பாகை, ஒரு ஓரை. லக்னத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. ஜாதகக் கலையே ஹோரா சாஸ்திரம்தான். நீ கேட்டது இரண்டரை நாழிகை ஓரை, நம் கணக்கில் ஒரு மணி நேரம்.

அதில்தான் வேடிக்கை இருக்கிறது. ஒவ்வொரு ஓரைக்கும் ஒரு கிரகம் அதிபதி. மெதுவாக நகர்வதில் தொடங்கி சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று வரிசை. வெள்ளியன்று சூரிய உதயத்தில் சுக்கிர ஓரை. ஏழேழாகச் சுற்றினால் 22ஆவதும் சுக்கிரன், பிறகு புதன், சந்திரனோடு 24 முடிந்துவிடும். மறுநாள் உதயத்தில் நிற்பது சனி. அதனால்தான் வெள்ளிக்கு அடுத்தது சனிக்கிழமை! விரல் விட்டு எண்ணிப் பார், ஏழு நாளுக்கும் இது சரியாக வரும்.

தொல்காப்பியக் களவியலிலும் இந்த ஓரை உண்டு: 'மறைந்த ஒழுக்கத்து ஓரையும் நாளும் துறந்த ஒழுக்கம் கிழவோற்கு இல்லை.' திருட்டுத்தனமாகக் காதலியைப் பார்க்கப் போகிறவனும் நல்ல நேரம் பார்த்துத்தான் போக வேண்டும், பாவம்! இந்தக் கிரேக்கச் சொல்லை வைத்தே நூல் பிற்காலத்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் சங்கப் பாடல்களில் 'ஓரை ஆயம்' என்று வருகிறதே, அது பெண்கள் கூடி ஆடும் விளையாட்டு. ஒலி ஒன்று, சொல் வேறு.

உங்கள் ஜோசியர் அடிக்கடி சொல்வாரே 'கேந்திரம்', அதுவும் யவனர்கள் தந்ததுதான். கல்யாணத் தேதி குறித்ததும் எழுது, அப்போது அதன் கதையைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்