நியூ சேலம் பீப்பாய்ப் பட்டறைப் பெரியவருக்கு நன்றி

இல்லினாய்ஸில் இருக்கும் நியூ சேலம் மரக்கட்டை வீடுகளைச் சுற்றிக்காட்டும் பெரியவர் ஒருவருக்கு இந்தப் பதிவு. உங்கள் பெயர் தெரியாது ஐயா.

ஆபிரகாம் லிங்கன் 1831 முதல் 1837 வரை வாழ்ந்த ஊர் அது. கடை வைத்தார், தபால் அலுவலகம் பார்த்தார், நிலம் அளந்தார். பிறகு ஊரே காலியாகிவிட்டது. இன்று நிற்கும் வீடுகள் பெரும்பாலும் 1930களில் திரும்பக் கட்டியவை. அந்தக் காலத்திலிருந்தே மிஞ்சியது பீப்பாய் செய்யும் பட்டறை ஒன்றுதான். நீங்கள் சொன்னதால்தான் அங்கே நின்றோம்.

அப்பா ஆயுள் முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர். இப்போது பார்வை மங்கல், ஆங்கிலமும் வராது. நீங்கள் அவர் கையைப் பிடித்துச் சுவர் மூலையில் வைத்தீர்கள். ஒரு கட்டையின் வெட்டுக்குள் இன்னொன்று ஆணியே இல்லாமல் உட்கார்ந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல பிடிமானம்" என்றார். அப்புறம் இரண்டு பக்கமும் பிடி வைத்த சீவுகத்தியைக் கொடுத்தீர்கள். அப்பா ஓக் பலகையில் நீளமாக ஒரு சுருள் சீவி எடுத்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு!

வெளியே ஆட்கள் காத்திருந்தும் நீங்கள் அவசரப்படுத்தவே இல்லை. மனமார்ந்த நன்றி ஐயா.