பாட்டியின் பாட்டி பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? வர்ஜீனியாவில் இலையெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது, காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதெல்லாம் பழகிவிட்டது. போன வாரம் ஓர் இடத்துக்குப் போனேன், அங்கே இருந்த நேரம் முழுக்க உங்கள் நினைப்புதான், அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, எழுபது தாண்டியவர், கறுப்பினத்தவர், நான் வந்த புதிதில் கம்பளி கொண்டுவந்து கொடுத்தவர். அவர் தன் முன்னோரைத் தேடுகிறார். கண் சரியாகத் தெரியாததால் பழைய கையெழுத்தைப் படிக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனோம். கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், உயில் எல்லாம் அங்கேதான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டலாம், மனு கினு எதுவும் வேண்டாம்.

ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு கை வேண்டும். விற்றவர் பெயருக்கு ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அட்டவணை. எல்லை விவரம் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பத்திரம் படித்துக் காட்டுவது போலவே இருக்கிறது: வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ஓடையோரமாக, கல் நட்ட இடம் வரை இத்தனை 'போல்' தூரம் என்று. 'போல்' (pole) என்பது பழைய நில அளவு, ஒரு போல் 16.5 அடி.

அந்த அம்மாவின் குடும்பம் 1870 மக்கள்தொகைக் கணக்கில் பெயரோடு இருக்கிறது. அதற்கு முன்னால் போனால் சுவர்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல், அதில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பெரும்பாலும் அவர்களுக்குப் பெயரே எழுதவில்லை, அப்பா. அப்போது அவர்கள் திருமணம் சட்டப்படி செல்லாது. 1866 பிப்ரவரியில்தான், கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை அப்படியே ஏற்றுச் சட்டம் போட்டார்கள், கவுண்டிவாரியாகப் பதிவேடும் எழுதினார்கள். பிள்ளைகள் பெயர், வயது, பிறந்த ஊர், கடைசி உடைமையாளர் யார் என்பது வரை அதில் இருக்கிறது. பல கவுண்டிகளின் பதிவேடு இன்று இல்லை, இங்கே இருந்தது. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று சில கவுண்டிகள் தங்கள் புத்தகங்களை மாநிலத் தலைநகரான ரிச்மண்டுக்கு அனுப்பி, 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவற்றை மொத்தமாக இழந்தன. இந்த ஊர்க்காரர்கள் அனுப்பவில்லை, நல்லவேளை.

பதிவேட்டில் உடைமையாளர் பெயர் கிடைத்ததும் உயில் புத்தகத்துக்குப் போனோம். அவர் வீட்டில் ஒருவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கு. ஒரு குதிரை, விலை. அடுத்த வரியில் இந்த அம்மாவுடைய பாட்டியின் பாட்டி, கைக்குழந்தையோடு, 700 டாலர். அதற்கடுத்த வரியில் இறகு மெத்தை. எழுதியவருக்கு அருமையான கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா வரியின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பெயரை மட்டும் சத்தமாகப் படித்தார், இரண்டு தடவை. மகளுக்கும் சேர்த்து இரண்டு நகல் எடுத்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது காரில் என்னிடம், உன் பாட்டியின் அம்மா பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அப்பா. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதிய உங்கள் மகளுக்கு, நம் அப்பத்தாவின் அம்மா பெயர் தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் தாய்ப்பத்திரம் இருக்குமே, அதில் 'இன்னார் மனைவி' என்று எங்காவது எழுதியிருக்கும். தேடிப் பாருங்கள். கிடைத்தால் தம்பியை விட்டு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெட்டியில் கறையான் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம்.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்