கைத்தடி எந்தக் கையில்?

ஆசிரியருக்கு,

அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடக்க வரும் பெரியவர்களில் பலர், வலிக்கிற காலின் பக்கமே கைத்தடியைப் பிடிக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்; பார்த்துவிட்டுச் சும்மா போக முடிவதில்லை. தடி எதிர்க் கையில் இருக்க வேண்டும்.

ஒரு காலைத் தூக்கியதும் அந்தப் பக்க இடுப்பு கீழே சரியப் பார்க்கும். ஊன்றிய காலின் பக்கம், இடுப்பெலும்புக்கு வெளிப்புறத்தில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ் தசைதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்து, இடுப்பு மூட்டில் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. எதிர்க் கையில் தடி ஊன்றினால் தசைக்கு வேலை குறையும், மூட்டுக்கும் பாரம் குறையும். இந்தத் தசை தளர்ந்தால் இடுப்பு சாய்வதை 1895-லேயே டிரென்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் விளக்கிவிட்டார்.

அப்புறம், பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்புகள் சேர்ந்த வளையத்தின் முன்பக்கம் விரிசல் என்றதும், "மூணு மாசம் அசையக்கூடாது" என்று பாட்டியைக் கட்டிலோடு போட்டுவிடுகிறார்கள். இதை யார் கிளப்பிவிட்டார்களோ! வளையம் ஆடவில்லை என்று டாக்டர் சொன்னால், வலிக்கு மாத்திரை கொடுத்து, வாக்கரோடு சில நாளிலேயே நடக்க வைப்பதுதான் முறை. படுத்தே கிடந்தால் நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு, படுக்கைப் புண் எல்லாம் வரும். பின்பக்கமும் உடைந்து வளையம் ஆடினால் கதை வேறு. டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்றக் கூடாது.

சரி, நடக்கத்தான் சொல்கிறேன், எங்கே நடப்பது? எங்கள் தெரு நடைபாதையில் பாதி ஸ்லாப் ஆடுகிறது. வாக்கரின் கால் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. அதையாவது சரி செய்யச் சொல்லி எழுதுங்கள்.

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு