உங்கள் கூரியர் உடைத்த ஐந்து சட்டிகள்

இணைய விற்பனைத் தளத்தின் விற்பனையாளர் பிரிவுப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் கடைக்குத் தந்திருந்த ‘முன்னுரிமை விற்பனையாளர்’ பேட்ஜை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, கடந்த ஐந்து வாரங்களில் உங்கள் பிரிவிலிருந்து எனக்குப் பதினோரு பதில்கள் வந்திருக்கின்றன. பதினொன்றிலும் கீழே வெவ்வேறு பெயர்கள், மேலே ஒரே வாசகம்: “உங்கள் கணக்கின் செயல்திறன் எங்கள் அளவுகோலுக்குக் கீழே உள்ளது.” ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டது. பன்னிரண்டாவது முறையும் அதே கதவைத் தட்டுவதோடு நிற்காமல், நாலு பேர் பார்க்க இங்கேயும் எழுதுகிறேன்.

நாங்கள் சேலம் மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் கல்சட்டி செய்கிறவர்கள். மாமனாரின் அப்பா காலத்துத் தொழில். பட்டறையில் மாமனார், என் கணவர், கடைசலுக்கு இரண்டு ஆட்கள். பேக்கிங், கணக்கு, கணினி எல்லாம் என் பொறுப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் தளத்தில் சேர்ந்தோம். அதற்கு முன் பாத்திரக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்துவந்தோம். பணம் எப்போது கைக்கு வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. உங்களிடம் அந்தத் தொல்லை இருந்ததில்லை. ஏழாம் நாள் வங்கியில் பணம் விழுந்துவிடும். இந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ வராதோ.

முன்னுரிமை விற்பனையாளர் என்ற பேட்ஜை நீங்கள் எங்களுக்குத் தந்தது ஓர் ஆடி மாதத்தில். கடைப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை அடையாளம். அதைத் தாளில் அச்சிட்டுப் பட்டறைச் சுவரில், முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். “இது யார் கொடுத்த பட்டம் கண்ணு?” என்று மாமனார் கேட்டார். விளக்கினேன். பட்டம் கொடுப்பவன் சட்டியைத் தொட்டுப் பார்த்தானா என்று கேட்டார். இல்லை மாமா, கணக்கைப் பார்த்துக் கொடுப்பார்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உளியை எடுத்துக்கொண்டார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் இரவு 11.40 மணிக்கு உங்கள் மின்னஞ்சல் வந்தது. ‘மதிப்புமிக்க கூட்டாளியே’ என்று தொடங்கி, எங்கள் பேட்ஜ் நீக்கப்பட்டதை ஆறாவது வரியில் தெரிவித்தது. பொங்கலுக்கு நான்கு வாரம் இருந்தது. ஆண்டு முழுவதும் நாங்கள் காத்திருக்கும் பருவம் அது. கல்சட்டி என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் சட்டிகள் மறுநாள் நான்காம் பக்கத்துக்குப் போயின. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஆர்டர் வந்த இடத்தில் வாரத்துக்கு மூன்று வந்தன. ஏழாம் நாள் வந்த பணம் பதினைந்தாம் நாளுக்குத் தள்ளிப்போனது. தை பிறந்தது, சட்டிகள் பட்டறையிலேயே இருந்தன.

காரணம் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து எண்ணினேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை 212 ஆர்டர்கள் அனுப்பியிருக்கிறோம். உங்கள் பதிவேட்டில் குறை என்று விழுந்தவை 9. சதவீதத்தில் 4.2. உங்கள் வரம்பு 2. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர் உங்கள் பக்கம் யாராவது உண்டா?

ஒன்று என் தவறு. இரண்டு லிட்டர் கேட்டவருக்கு ஒன்றரை லிட்டர் சட்டியை அனுப்பிவிட்டேன். அன்று சின்னவனுக்குக் காய்ச்சல். அது சாக்கு இல்லை.

இரண்டு, அடுப்பில் வெடித்தவை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படிவத்தில் இதற்கு இடமே இல்லை. கல்சட்டி மாக்கல்லில் செய்வது. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையான கல். அதனால்தான் கடைய முடிகிறது. புதுச் சட்டியை வாங்கியதும் அடுப்பில் வைக்கக் கூடாது, பழக்க வேண்டும். உள்ளும் புறமும் விளக்கெண்ணெயும் மஞ்சள்தூளும் தடவி வெயிலில் வைத்து, கழுவி, மறுபடி தடவ வேண்டும். இப்படிச் சில நாள். பிறகு சோறு வடித்த சுடுகஞ்சியை ஊற்றி ஊற வைப்பது சில நாள். அப்புறம் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பத்து நாள் பொறுமை வேண்டும். பொறுத்தவருக்கு அது தலைமுறைக்கும் உழைக்கும். வத்தக்குழம்பை இறக்கி வைத்த பிறகும் உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். பழகியவர்கள் குழம்பு சற்று நீர்த்திருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறோம். நாக்பூரில் ஓர் அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. வந்த அன்றே எரிவாயு அடுப்பில் பெருந்தீயில் வைத்தார். சட்டி இரண்டாகப் பிளந்தது. இந்தியில் தாள் வைக்காதது என் குறைதான், இப்போது வைக்கிறேன். ஆனால் உங்கள் ரிட்டர்ன் பட்டியலில் அவர் தேர்ந்தெடுக்க என்ன இருந்தது? உடைந்து வந்தது, குறைபாடுள்ள பொருள், தவறான பொருள், பிடிக்கவில்லை. பாவம், அவர் ‘குறைபாடுள்ள பொருள்’ என்பதைத் தொட்டார். இன்னொருவர் கதையும் இதேதான், ஊர் மட்டும் வேறு.

நான்காவது சட்டியைப் பற்றி எங்கள் பட்டறையில் இன்னும் பேச்சு ஓயவில்லை. அதுவும் குறைபாடு என்றுதான் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தால் புளி வாசனை. உள்பக்கம் கன்னங்கரேலென்று மின்னியது. மாமனார் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாகப் பழக்கியவர் ஏன் திருப்பி அனுப்பினார் என்று வருத்தப்பட்டார். அந்தச் சட்டியில்தான் இப்போது எங்கள் வீட்டுக் குழம்பு கொதிக்கிறது. அந்த வகையில் எனக்கு நட்டமில்லை, பேட்ஜ் போனதைத் தவிர.

என் தவறு ஒன்று, அடுப்பில் வெடித்த இரண்டு, குழம்பு வைத்துத் திரும்பிய ஒன்று. நான்கையும் என் தலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. 212-ல் நான்கு என்பது 1.9 சதவீதம். உங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறேன்.

மீதி ஐந்தும் வழியில் உடைந்தவை. எடுத்துக்கொண்டு போனது உங்கள் கூரியர். வேறு கூரியரில் அனுப்ப முன்னுரிமை விற்பனையாளருக்கு அனுமதி இல்லை, அது உங்கள் விதி. ஒவ்வொரு பெட்டியையும் கட்டும்போது செல்போனில் வீடியோ எடுக்கிறோம். அதுவும் உங்கள் விதிதான். ஐந்து வீடியோக்களையும் ஏற்றினேன். உங்கள் இழப்பீட்டுப் பிரிவு பார்த்தது, பேக்கிங் சரியாக இருக்கிறது, சேதம் போக்குவரத்தில் நேர்ந்தது என்று எழுதியது, ஐந்துக்கும் பணம் தந்தது. பிறகு உங்கள் செயல்திறன் பிரிவு அதே ஐந்தையும் என் குறை என்று எண்ணியது. ஒரே நிறுவனத்தின் வலது கை இழப்பீடு கொடுக்கும்போது இடது கை குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் ரசீது இருக்கிறது.

இன்னும் கனமாகக் கட்டியிருக்கலாமே என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். கட்டலாம். மூன்றரைக் கிலோ சட்டிக்கு வைக்கோலும் பபிள் ஷீட்டும் சுற்றினால் பெட்டி 35 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம் வருகிறது. கூரியர்க் கணக்கில் பெட்டியின் அளவும் எடைதான்: மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுப்பார்கள். ஆறு கிலோவைத் தாண்டுகிறது. சட்டி மூன்றரை, கட்டணம் ஆறுக்கு. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் கட்டணம் இன்னும் ஏறும். அதை விலையில் சேர்த்தால் வாங்க ஆள் இருக்காது. பெட்டியைத் தூக்கிப் போடாமல் இருந்தாலே போதும். ‘உடையும் பொருள்’ என்ற சிவப்புத் தாளை நான்கு பக்கமும் ஒட்டுகிறேன்; படிப்பாரில்லை.

பேட்ஜ் போன செய்தி கேட்டதும் மாமனார், “எடுத்தவனிடம் நேரில் போய்க் கேட்டால் என்ன கண்ணு?” என்றார். எந்த ஊருக்கு மாமா பஸ் ஏறுவது என்று கேட்டேன். அவருக்குச் சந்தைதான் தெரியும். வாரச் சந்தையில் குத்தகைதாரர் நம் இடத்தை மாற்றினால் அவரைத் தேடிப் போய்க் கேட்கலாம். சண்டை போடலாம். பக்கத்துக் கடைக்காரர் நமக்காக ஒரு வார்த்தை பேசுவார். முடிவு மாறாமல் போகலாம், ஆனால் எதனால் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வரலாம். சுங்கம் வசூலிக்க வருகிறவர் எதிரே நிற்கிறாரே. நீங்களும் ஒவ்வொரு சட்டிக்கும் கமிஷன் எடுக்கிறீர்கள். எதிரே மட்டும் நிற்பதில்லை.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. தேடலில் யார் மேலே, யார் கீழே என்பதைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளையும், அவற்றில் எதற்கு எவ்வளவு கனம் என்பதையும் தெளிவான மொழியில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அவை உங்களைப் போன்ற தளங்களிடம் கேட்கின்றன. ஒரே வகைப் பொருளை விற்பவர்களுக்குள் வேறுபாடு காட்டினால் அதை விற்பனையாளருக்கான நிபந்தனைகளில் விவரிக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. உங்கள் நிபந்தனைகளை முழுக்கப் படித்தேன். ‘பல்வேறு அளவீடுகளின் அடிப்படையில்’ என்று ஒரு வரி இருக்கிறது. பல்வேறு என்பது விவரமா?

அதே விதிகளில் வாங்குபவரின் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று கெடு உண்டு. நல்லதுதான்; நானும் வாங்குபவள், ஒரு மிக்சி விஷயத்தில் அந்தக் கெடு எனக்கே உதவியிருக்கிறது. விற்பவருக்கு அப்படி ஒரு கெடு அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கும் ஒழுங்குமுறை, தளம் விற்பவருக்குத் தரும் சேவையைக் கட்டுப்படுத்தினாலோ நிறுத்தினாலோ காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. முற்றிலும் நீக்குவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். அங்கே செய்ய முடிகிறது என்றால் ஓமலூருக்கும் செய்ய முடியும்.

2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் இரண்டு பெரிய தளங்கள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தரப்படுகிறது என்பதும் அந்தப் புகாரில் இருந்தது. அப்போது நான் உங்கள் தளத்தில் சேரவில்லை. செய்தித்தாளில் பார்த்துவிட்டு, செல்போன் கடைக்காரர்களின் சண்டை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பேட்ஜைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்ச நான் இதை எழுதவில்லை. பொங்கல் போய்விட்டது, இனி வந்தாலும் அடுத்த மார்கழிக்குத்தான் அதனால் பயன். உங்கள் இழப்பீட்டுப் பிரிவு போக்குவரத்துச் சேதம் என்று ஏற்றுக்கொண்ட ஆர்டரை விற்பவரின் குறைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இதற்குப் புதிய எந்திரம் எதுவும் வேண்டாம், இரண்டு பிரிவுகளும் ஒருவரோடு ஒருவர் பேசினால் போதும். பேட்ஜை எடுப்பதற்கு முன் எந்தெந்த ஆர்டர்களால் எடுக்கிறீர்கள் என்று எண்களோடு எழுதி, பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுங்கள். அந்தப் பதிலை ஒரு மனிதர் படிக்கட்டும்.

சுவரில் ஒட்டிய தாளை நான் இன்னும் கிழிக்கவில்லை. மாமனார் அதன் மேலேயே இந்த ஆண்டுக் காலண்டரை மாட்டிவிட்டார்.

ஒன்பது ஆர்டர் எண்களும் இழப்பீட்டுக் கடிதங்கள் ஐந்தும் என் பன்னிரண்டாவது புகாரில் இணைத்திருக்கிறேன். மூடுவதற்கு முன் திறந்து பாருங்கள். போனில் அழைப்பதானால் மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள். அதுவரை கடைசல் ஓடும். மணி அடித்தாலும் காதில் விழாது.

இப்படிக்கு,
கல்சட்டி விற்பவள்,
ஓமலூர் வட்டாரம்