இயக்கச்சிக் கிணறும் இரணைமடு வாய்க்காலும்

மச்சான்,

சுகமா இருக்கிறியே? எங்களோட கடைசி வாங்கில இருந்தவன் இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டு போன மாசம் வொய்ஸ் போட்டுக் கேட்டனி எல்லே, போனில சொல்லி முடியாது, அதான் இருந்து எழுதுறன்.

போன கிழமை அவன்ர வயலுக்குப் போனனான். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி இந்தமுறை அவனுக்கு ஒரு ஏக்கருக்குத்தான். நான் போகேக்க பொய்க்காலைக் கழட்டி உரப்பையில சுத்தி வரம்பில வச்சிட்டு, சேத்துக்க இருந்து அரக்கி அரக்கி புல்லுப் பிடுங்குறான். காலோட இறங்கினா புதையுமாம், உள்ளுக்க தண்ணி போனா அடிக்கட்டை புண்ணாகி ரெண்டு கிழமைக்குக் காலே போடேலாதாம். அந்தக் காலின்ர பாதமும் வெடிச்சுப் போச்சு, சைக்கிள் ரியூப்பால சுத்திக் கட்டியிருக்கிறான்.

புலிகள் இயக்கத்தில இருக்கேக்க பிடிச்ச சண்டையைப் பற்றி அவன் வாய் திறக்கிறதில்லை, உனக்குத் தெரியும். அண்டைக்கு வாய்க்காலில கை கழுவேக்க தானாக் கதைச்சான். 1997 வைகாசியில ஆமி ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கேக்க அவனுக்குப் பத்தொன்பது வயசு, புளியங்குளத்துப் பங்கருக்க மாரிக்கு முழங்கால் தண்ணி, சோத்துப் பாசலைத் தூக்கிப் பிடிச்சபடிதான் சாப்பாடு, கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். ஆமி ஒண்டரை வருசம் அடிபட்டும் கிளிநொச்சிக்கு ஏ9 பாதை திறக்கேலாமப் போச்சு. பிறகு ஆனையிறவு ஆமி முகாம். எல்லாரும் ஆட்டிலறி, தரையிறக்கம் எண்டு கதைப்பினம், அவன் சொன்னது தண்ணியைத்தான். இயக்கச்சிக் கிணறுகள் ஆமியின்ர கைவிட்டுப் போக முகாமுக்குக் குடிக்கத் தண்ணியில்லை, 2000 சித்திரை 22 விழுந்துட்டுது. உள்ள போகேக்க வெறுங்கானுக்குப் பக்கத்தில ஒரு சிங்களப் பெடியன் செத்துக் கிடந்தவனாம். உள்ளங்கை காய்ச்சுக் கிடந்ததைப் பாத்தோண்ண இவனும் என்னை மாதிரி மண்வெட்டி பிடிச்சவன் எண்டு விளங்கினதாம். அதைச் சொல்லிப்போட்டு கனநேரம் பேசேல்ல.

கால் போனது அடுத்த வருசம், முகமாலையில, ஆமியின்ர அக்கினிகீல நடவடிக்கைச் சண்டைக்க, மிதிவெடி. 2009ல சண்டை முடியேக்க தடியோட வட்டுவாகல் பாலம் கடந்து ஆமிப் பக்கம் வந்தது, ரெண்டு வருசம் அரசாங்கத்தின்ர புனர்வாழ்வுத் தடுப்பு, மனுசி கைக்குழந்தையோட செட்டிகுளத்து முகாமில. அந்த நாளுகளை நானும் கேக்கேல்ல, அவனும் சொல்லேல்ல.

முதுகில இன்னும் ரெண்டு செல் பீஸ் கிடக்கு. தலை சுத்துது எண்டு ஆசுப்பத்திரிக்குப் போக, உடம்புக்க இரும்பு கிடக்கு, எம்ஆர்ஐ எடுக்கேலாது எண்டிட்டினம். ரக்டருக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில புனர்வாழ்வுக் கடுதாசியைக் கண்டதும் பிணைக்கு வாறன் எண்டவையும் பின்வாங்கிட்டினம். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது மச்சான். கார்த்திகையில மாவீரருக்கு விளக்குக் கொளுத்துற சனம் உயிரோட இருக்கிறவனுக்கு ஒரு கையெழுத்துப் போடாதே? கடைசியா நான்தான் போட்டனான்.

நீ காசு அனுப்பாத, வாங்கமாட்டான். புதுக்காலுக்கு நான் அவனை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போறன், சூடு மிதிச்சாப் பிறகு வாறன் எண்டு ஓமெண்டிட்டான். உன்னட்டக் கேக்கிறது வேற. அந்தக் கைக்குழந்தை இப்ப ஓஎல் சோதினை எழுதப்போறாள், கணக்குத்தான் இழுக்குது. வகுப்பில எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்தவன் நீதானே, ஞாயிறு பின்னேரத்தில சூமில ஒரு மணித்தியாலம் அவளோட இருப்பியே? ஏழு மணிக்குப் பிறகெண்டா எங்கட பக்கம் சிக்னல் நல்லா இருக்கும். நேரத்தைச் சொல்லு, நான் அவளிட்டச் சொல்லிவிடுறன்.