வீட்டுக்கும் கேஸ் கிணத்துக்கும் நடுவுல எத்தனை அடி? டல்லாஸ் பக்கத்து தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் டென்டன் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல குடியிருக்கேன். எங்க பின்பக்க வேலிக்கு அந்தாண்ட ஒரு கேஸ் கிணறு இருக்கு. ஃப்ராக்கிங், அதாவது அடியில இருக்கிற பாறைய தண்ணி அழுத்தத்துல பிளந்து கேஸ் எடுக்கிற வேலை, பண்ணப்போ ராத்திரி பகல்னு இல்லாம பம்பு லாரிங்க வரிசையா நின்னு ஓடுச்சு, அலமாரியில அடுக்கி வச்ச எவர்சில்வர் டம்ளர் ஒண்ணோட ஒண்ணு உரசி கிணுகிணுன்னு சத்தம், டீசல் வாடை வேற, பொண்ணு தலைகாணிய காதுல அமுக்கிக்கிட்டு படுத்திருந்தா. யார்கிட்ட சொல்றதுன்னு தேடப் போய்தான் இந்த சட்டமெல்லாம் படிச்சேன், படிச்சதுல இருந்து மனசு ஆறல.

டெக்சாஸ்ல எண்ணெய், கேஸ் கிணத்துக்கு பெர்மிட் குடுக்கிறது ரயில்ரோடு கமிஷன். பேர்லதான் ரயில் இருக்கு, ரயிலுக்கும் அதுக்கும் இப்போ சம்பந்தமே இல்ல. சத்தம், வாடை, லாரி போக்குவரத்து எதுவும் அவங்க அதிகாரத்துல வராது. அப்போ அதெல்லாம் யார் பாக்கணும்? ஊர் கவுன்சில்தான? அந்த கவுன்சில் கையத்தான் 2015ல கட்டிப் போட்டாங்க.

டென்டன் கதை பாதிப் பேருக்கு தெரியாது. ஊர் எல்லைக்குள்ளயே 270க்கு மேல கிணறு. வீட்டுல இருந்து 1,200 அடி தள்ளித்தான் தோண்டணும்னு 2013ல விதி போட்டுப் பாத்தாங்க, ஆனா பழைய பெர்மிட் வச்சிருந்தவங்கள அது கட்டுப்படுத்தல, வீட்டுக்கு பக்கத்துலயே வேலை நடந்துச்சு. வேற வழியில்லாமதான் ஜனங்க கையெழுத்து வாங்கி ஓட்டெடுப்புக்கு கொண்டு வந்தாங்க. 2014 நவம்பர் 4, கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் ஊருக்குள்ள ஃப்ராக்கிங் வேண்டாம்னு ஓட்டு போட்டாங்க. மறுநாள் காலையிலேயே எண்ணெய் கம்பெனிகளோட சங்கமும் மாநில நில அலுவலகமும் கோர்ட்டுக்கு போயிட்டாங்க. 2015 மே 18 கவர்னர் கிரெக் அபட் ஊர்களோட அதிகாரத்த குறைக்கிற ஹெச்.பி. 40ங்கிற மாநில சட்டத்துல கையெழுத்து போட்டாரு, ஜூன்ல டென்டன் கவுன்சில் தன் தடைய தானே ரத்து பண்ண வேண்டியதாயிடுச்சு. ஜனங்க போட்ட ஓட்டுக்கு ஆயுசு ஏழெட்டு மாசம்தான்.

அந்த சட்டப்படி பூமிக்கு அடியில நடக்கிறதுல ஊர் தலையிடவே கூடாது. மேல நடக்கிற சத்தம், லைட்டு, தூரம் இதுக்கு விதி போடலாம், ஆனா அந்த விதி ‘வணிக ரீதியா நியாயமா’ இருக்கணும். என்னை உறுத்துறது அந்த வார்த்தைதான். கம்பெனிக்கு கட்டுப்படியாகுமான்னு பாக்கிறாங்க, குழந்தை தூங்குமான்னு யாரும் கேக்கல. இங்கயே டல்லாஸ் பக்கத்து ஆர்லிங்டன்ல குழந்தைங்க டேகேர் பக்கத்துல புதுக் கிணறு வேண்டாம்னு 2020ல கவுன்சில் மறுத்தும், 2021ல அதே பேச்சு திரும்ப ஓட்டுக்கு வந்துடுச்சு.

எதிர்த் தரப்பு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஊருக்கு ஒரு சட்டம்னா கம்பெனி எப்படி தொழில் பண்ணும்கிறாங்க, அடியில இருக்கிற கேஸுக்கு உரிமை வச்சிருக்கவங்களுக்கும் நஷ்டம்தான். அதனால முழுத் தடைய திரும்பக் கொண்டு வாங்கன்னு நான் கேக்கல. எத்தனை அடி தள்ளி, எந்த நேரத்துல, எந்த ரோட்டுல லாரி வரணும்கிறத அந்த ஊர்க்காரங்க முடிவு பண்ணட்டும்னுதான் கேக்கறேன். கொலராடோவுல லாங்மான்ட் ஊர் போட்ட தடையையும் 2016ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் தூக்கிடுச்சு, ஆனா 2019ல அந்த மாநிலமே சட்டத்த மாத்தி ஊர்களுக்கு அதிகாரம் குடுத்துச்சு. அங்க முடியும்னா இங்க ஏன் முடியாது?

2017ல நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டம் வந்தப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப் பூரா அதே பேச்சு, நானும் டிபி மாத்துனேன். ஊர் ஜனங்கள கேக்காம எப்படி தோண்டலாம்னு இங்க உக்காந்து கொதிச்சோமே, நம்ம வேலிக்கு பின்னாடி நடக்கிறதுக்கு ஒரு கடுதாசி கூட நாம போடலியே.

வீடு வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு பத்திரத்துல மினரல் உரிமை, அதாவது அடியில இருக்கிற எண்ணெய், கேஸுக்கான உரிமை, யார்கிட்ட இருக்குன்னு பாருங்க, முக்கால்வாசி நமக்கு மேல்மண் மட்டும்தான். ரயில்ரோடு கமிஷன் மேப்ல உங்க தெருவையும் ஒரு தடவ தேடிப் பாருங்க. ஆஸ்டின்ல சட்டசபை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் கூடும், ஒத்தைப்பட வருஷம் ஜனவரியில, 140 நாள், அதுக்குள்ள நம்ம ஸ்டேட் ரெப், அதாவது நம்ம தொகுதி சட்டசபை உறுப்பினர், காதுல விழணும். விசாவுல இருக்கோம், ஓட்டு இல்லியேன்னு ஒதுங்காதீங்க, கடுதாசி போட ஓட்டு தேவையில்ல.

யார் ரெப்னு தெரியலன்னா ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிஞ்சதும் பார்க்கிங்ல என்கிட்ட வாங்க, அட்ரஸ் சொன்னா போதும், தேடித் தர்றேன். பேப்பர், கவர், ஸ்டாம்பு எல்லாம் கார்லயே வச்சிருக்கேன்.